சூலம் ஏந்தியவரின் பெயர்

பழைய ரோமானியக் காலப் படங்களைப் புதுப்பித்து வெளியிடும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம்.

1960-இல் வந்த 'ஸ்பார்ட்டகஸ்' படத்தின் அந்தச் சண்டைக் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. வலையும் முச்சூலமும் ஏந்திய எத்தியோப்பிய அடிமை டிராபா, தன்னைப் போலவே சண்டையிட வளர்க்கப்படும் அடிமையான நாயகன் ஸ்பார்ட்டகஸை வீழ்த்திவிடுகிறான். கொல்லச் சொல்லி மேலிருந்து குரல் வருகிறது. அவன் கொல்லவில்லை. வேடிக்கை பார்க்கும் ரோமானியரை நோக்கிச் சூலத்தை எறிந்துவிட்டு, வெறுங்கையோடு அவர்களை எட்டிப்பிடிக்க ஏறுகிறான். முதுகில் ஈட்டி பாய்கிறது. ரோமானியத் தளபதி கிராசஸ் அவன் கழுத்தில் கத்தியை இறக்குகிறான். மற்ற அடிமைகள் பார்த்து அஞ்சட்டும் என்று உடலைத் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். அஞ்சுவதற்குப் பதில் அவர்கள் கிளர்ந்தெழுகிறார்கள்.

டிராபாவாக நடித்தவர் வூடி ஸ்ட்ரோட். அமெரிக்கக் கால்பந்தின் தேசிய லீக், 1934 முதல் 1945 வரை ஒரு கறுப்பின வீரரைக்கூடச் சேர்க்கவில்லை. 1946-இல் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணிக்காக ஆடி அந்தச் சுவரை உடைத்தவர்களில் இவரும் ஒருவர். திரையில் இவருக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். அந்தச் சில நிமிடங்கள் இல்லாவிட்டால் படத்தில் கலகமே இல்லை.

அதற்கு முந்தைய ஆண்டு வந்த 'பென்-ஹர்' படத்தில் அரபு ஷேக்காக வந்தவர், முகத்தில் பழுப்புச் சாயம் பூசிய வேல்ஸ் நடிகர் ஹியூ கிரிஃபித். அதற்கு ஆஸ்கர் விருதும் பெற்றார். அவர் நல்ல நடிகர், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அரபியர் வேடத்துக்கு ஓர் அரபியரைத் தேடாத வழக்கத்தின் மேல்தான் கோபம். ஆப்பிரிக்காவில் பிறந்தவர்களும் ரோமானிய உலகின் பகுதிதான்: இன்றைய லிபியாவிலுள்ள லெப்டிஸ் மாக்னாவில் பிறந்த செப்டிமியஸ் செவரஸ் ரோமின் பேரரசராகவே இருந்திருக்கிறார்.

எந்தக் காட்சியையும் வெட்டச் சொல்லி நான் எழுதவில்லை. வெட்டினால் நடந்ததும் மறைந்துபோகும். ஆனால் படத்துக்கு முன் இனப் பாகுபாடு பற்றி ஒருவரி எச்சரிக்கை போட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 1991-இல் 'ஸ்பார்ட்டகஸ்' புதுப்பிக்கப்பட்டபோது, குளியலறைக் காட்சி ஒன்றின் ஒலி கிடைக்கவில்லை. அதில் கிராசஸாக நடித்த லாரன்ஸ் ஒலிவியர் அப்போது உயிரோடு இல்லை. நடிகர் ஆன்டனி ஹாப்கின்ஸைக் கொண்டு அவர் குரலைப் பேசவைத்தார்கள். கம்யூனிஸ்ட் தொடர்புக்காக ஹாலிவுட்டின் தடைப்பட்டியலில் கிடந்த திரைக்கதை எழுத்தாளர் டால்டன் டிரம்போவின் பெயரைத் துணிந்து திரையில் போட்ட படம் என்ற பெருமையும் இதற்கு உண்டு. அந்த அக்கறையில் ஒரு பங்கை ஸ்ட்ரோடுக்கும் கொடுங்கள். அவர் யார், எந்தக் காலத்தில் எதைத் தாண்டி அந்தக் களத்துக்கு வந்தார் என்று படத்தோடு சேர்த்துச் சொல்லுங்கள். அடுத்த பதிப்பின் உறையில், ஸ்பார்ட்டகஸாக நடித்த கிர்க் டக்ளஸுக்குப் பக்கத்தில், சூலத்தோடு அவரும் நிற்கட்டும்.

அன்புடன்,
உங்கள் படங்களைப் பார்த்து வளர்ந்த ஒரு ரசிகன்