மறுபடி பார்த்த விமர்சகருக்காக

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன் ‘தேடிப்போய்ப் பார்க்க வேண்டியதில்லை’ என்று உங்கள் மூத்த திரை விமர்சகர் ஒரு படத்தைத் தள்ளிவிட்டார். அண்மையில் அதே படத்தை மறுபடி பார்த்து, தன் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தார். முதல் தடவை சரியாகக் கவனிக்கவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். அதற்கு வந்த கடிதங்களைச் சென்ற இதழில் படித்தேன். வயதாகிவிட்டது, இளைஞர்களுக்கு வழிவிடட்டும் என்கிறார் ஒருவர். யாரோ சொல்லி எழுதியிருப்பார் என்கிறார் இன்னொருவர். படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அவர் மாற்றி எழுதிய பிறகுதான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கதையை அவர் சொல்லவே இல்லை. ‘அப்பாவின் செருப்பைக் கவனியுங்கள்’ என்று மட்டும் எழுதியிருந்தார். இரவு வேலை முடிந்து வரும் அப்பா, தூங்குகிறவர்கள் விழித்துவிடக் கூடாதே என்று வாசலிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே வருவார். மூன்று முறை இப்படி வருகிறது. நான்காவது முறை செருப்பைக் கழற்றாமலே, தரையில் சத்தம் கேட்க நடந்து வருகிறார். எழுப்புவதற்கு வீட்டில் யாரும் இல்லை. ஒரு வசனம் கிடையாது, பின்னணி இசை கிடையாது. அவர் சொல்லியிருக்காவிட்டால் நானும் அதைக் கவனிக்காமல்தான் விட்டிருப்பேன்.

கருத்தை மாற்றிக்கொள்வது விமர்சகருக்கு இழுக்கு என்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1967-ல் ‘பானி அண்ட் கிளைட்’ என்ற அமெரிக்கப் படம் வந்தபோது ‘நியூஸ்வீக்’ இதழில் விமர்சகர் ஜோசஃப் மார்கன்ஸ்டர்ன் அதைக் கடுமையாகச் சாடினார். பிறகு மனைவியோடு போய், மக்களோடு மக்களாக உட்கார்ந்து மறுபடி பார்த்தார். முதல் விமர்சனம் நியாயமில்லாதது என்று அடுத்த வாரமே அதே இதழில் எழுதினார். அதனால் அவர் பெயர் கெட்டுவிடவில்லை. 2005-ல் விமர்சனத்துக்கான புலிட்சர் பரிசு அவருக்குத்தான் கிடைத்தது.

சதவீதம் பார்த்துப் படம் தேர்ந்தெடுக்கும் பழக்கம் இப்போது எல்லோருக்கும் வந்துவிட்டது. விமர்சனங்களைத் திரட்டித் தரும் ‘ராட்டன் டொமேட்டோஸ்’ இணையதளம் காட்டும் சதவீதம் படத்துக்குக் கிடைத்த மதிப்பெண் அல்ல. எத்தனை விமர்சகர்கள் சாதகமாக எழுதினார்கள் என்ற கணக்கு, அவ்வளவுதான். எல்லோரும் ‘பரவாயில்லை, பார்க்கலாம்’ என்று எழுதினாலே 100 வந்துவிடும். பாதிப் பேர் தலையில் வைத்துக் கொண்டாடி, மீதிப் பேர் திட்டினால் 50தான். 60-க்குக் கீழே போனால் அழுகல் முத்திரை. எனக்கு வாழ்நாள் முழுக்க மறக்காத படங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

உங்கள் விமர்சகரை இத்தனை வருடம் படித்ததில் அவருடைய ரசனை எனக்கு அத்துப்படி. பேய்ப் படம் அவருக்கு ஒத்துவராது. ‘சத்தம் தாங்கவில்லை’ என்று எழுதினால் அது எனக்குப் பிடிக்கும் படம் என்று தெரிந்துகொள்வேன். அதேசமயம் இளைஞர்கள் கேட்கும் பாட்டையும், பார்க்கும் வெப் சீரிஸையும், அனிமேவையும் அவர் ஒதுக்குவதில்லை. புரியாவிட்டால் புரியவில்லை என்கிறார். புரிந்தவர்களிடம் கேட்டு அடுத்த வாரம் எழுதுகிறார். என் மகள் உங்கள் இதழில் படிக்கும் ஒரே பக்கம் அது.

அந்தப் பக்கத்தில் சில வாரங்களாக நட்சத்திரக் குறிகள் முளைத்திருக்கின்றன. தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அவற்றுக்காகக் கட்டுரையில் பத்து வரி குறைந்திருக்கிறது. ‘செருப்பைக் கவனியுங்கள்’ போன்ற ஒரு வரி அந்தப் பத்தில் போயிருக்கலாம். அப்புறம், அவர் ஒரு படத்தைப் பற்றிக் கருத்தை மாற்றும்போது பழைய விமர்சனத்தையும் பக்கத்திலேயே போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் படிக்க ஆசை.

போன வருடம் அவர் நான்கே வரியில் முடித்துவிட்ட ஒரு படம் உண்டு, இரு சகோதரிகள் ஒரு வீட்டைக் காலி செய்யும் கதை. முடிந்தால் அதையும் இன்னொரு தடவை பார்க்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நீண்டநாள் வாசகர்