அந்தப் பிள்ளைகளை யாரும் ஆட்டுவிக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அமெரிக்கப் பள்ளிகளில் நடக்கும் துப்பாக்கிச் சூடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்டு 2018-இல் மாணவர்கள் வாஷிங்டனில் நடத்திய பேரணியைக் குறிப்பிட்டுவிட்டு, 'இந்தப் பிள்ளைகளைப் பின்னாலிருந்து ஆட்டுவித்தது யூதப் பணம் என்ற பேச்சும் உண்டு. ஊர்வலம் போனதோடு சரி, ஒன்றும் நடக்கவில்லை' என்று உங்கள் கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். வாட்ஸ்ஆப்பில் யாரோ அனுப்பியிருந்தால் படிக்காமலே அழித்திருப்பேன். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து நான் சந்தா கட்டி வாங்கும் பத்திரிகையில் அச்சாகி வந்திருக்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் வாஷிங்டனுக்குப் பக்கத்தில், மேரிலாந்தின் ராக்வில்லில் இருக்கிறேன். எங்கள் தெருவில் யூதக் குடும்பங்கள் அதிகம். அந்த மார்ச் மாதம் பேரணிக்காக வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள் தங்குவதற்கு வீடு வீடாகக் கேட்டார்கள். பிட்ஸ்பர்க்கிலிருந்து வந்த இரண்டு பெண்கள் எங்கள் வீட்டில் தங்கினார்கள். பள்ளியில் படிப்பவர்கள், யூத இளைஞர் சங்கத்தில் இருப்பவர்கள். இறைச்சி விஷயத்தில் அவர்கள் மதத்தில் விதிகள் உண்டு. எங்கள் வீட்டில் கறி சமைப்பதில்லை, அதனால் அவர்களுக்குச் சாப்பாட்டில் சங்கடம் இல்லை. வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதற்குள் ஊர்வலத்தில் பிடிக்கும் அட்டைகளை அவசர அவசரமாக எழுதி முடித்தார்கள். சனிக்கிழமை இரவு வரை நீளும் அவர்களுடைய ஓய்வுநாள் தொடங்கிவிட்டால் எழுதக் கூடாதாம். அப்புறம் என் அடுக்களை மேடையில் இரண்டு மெழுகுவத்தி ஏற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு பிரார்த்தனை சொன்னார்கள்.

எலுமிச்சைச் சாதம் சாப்பிடும்போது இருவருக்கும் வாக்குவாதம். பேரணி நடப்பது சனிக்கிழமை. ஓய்வுநாளில் ரயில் ஏறலாமா? உயிரைக் காப்பதற்காக ஓய்வுநாள் விதியை மீறலாம் என்பது அவர்கள் மரபு. ஊர்வலம் போவது உயிரைக் காப்பதில் சேருமா, சேராதா என்று ராத்திரி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். உங்களுக்கு இதில் இவ்வளவு தீவிரம் எப்படி வந்தது என்று ஒருத்தியைக் கேட்டேன். புது வீடு கட்டினால் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்பு, யாராவது விழுந்தால் அந்த ரத்தப்பழி உன் வீட்டின் மேல் வரும் என்று எங்கள் வேதமான தோராவில் இருக்கிறது, துப்பாக்கிக்கும் அந்தச் சுவரைத்தான் கேட்கிறோம் என்றாள். இதை எந்தப் பணக்காரர் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று உங்கள் கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

மறுநாள் நானும் அவர்களோடு போனேன். மேடையில் பேசியவர்கள் எல்லோரும் இளையவர்கள். அவர்களில் ஒருத்தி நவோமி வாட்லர். வர்ஜீனியாவின் அலெக்சாண்ட்ரியாவைச் சேர்ந்த 11 வயதுக் கறுப்பின யூதச் சிறுமி. அந்த வருடம் பிப்ரவரியில் புளோரிடாவின் பார்க்லாந்து பள்ளியில் சுடப்பட்டு இறந்த 17 பேருக்காக நாடெங்கும் மாணவர்கள் 17 நிமிடம் வெளிநடப்பு செய்தபோது, அவள் பள்ளியில் மட்டும் 18 நிமிடம். கூடுதல் நிமிடம், அலபாமாவில் தன் பள்ளியிலேயே சுடப்பட்டு இறந்த கோர்ட்லின் ஆரிங்டன் என்ற கறுப்பினப் பெண்ணுக்காக. இந்த வயதில் இதெல்லாம் உன் சொந்த எண்ணமாக இருக்காது, நீ யாரோ பெரியவர்களின் கருவி என்று தன்னைச் சொல்கிறார்கள், அது உண்மை இல்லை என்று அவள் அந்த மேடையிலேயே சொன்னாள். உங்கள் கட்டுரைக்கு அந்தக் குழந்தை அன்றைக்கே பதில் சொல்லிவிட்டாள்.

பார்க்லாந்தில் இறந்த 17 பேரில் ஐந்து பேர் யூதர்கள். அவர்களில் ஒருவர் பூகோள ஆசிரியர். ஓடி வந்த மாணவர்களை வகுப்புக்குள் விட்டுவிட்டுக் கதவைச் சாத்தும்போது சுடப்பட்டார். தங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்திருந்தும் 'யூதப் பணம்' என்று அச்சிட எப்படி மனம் வந்தது?

இந்தப் பேச்சு சும்மா பேச்சு இல்லை ஐயா. அதே வருடம் அக்டோபர் 27, சனிக்கிழமை காலை, பிட்ஸ்பர்க் ஸ்குவிரல் ஹில் பகுதியில் இருக்கும் 'ட்ரீ ஆஃப் லைஃப்' யூத ஆலயத்தில் 11 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். அகதிகளுக்கு உதவும் ஒரு யூத அமைப்பு நாட்டுக்குள் படையெடுப்பாளர்களைக் கொண்டுவருகிறது என்று எழுதிப் போட்டுவிட்டுத்தான் கிளம்பினான். எல்லாவற்றுக்கும் பின்னால் யூதர்கள் என்ற அதே நம்பிக்கை. எங்கள் வீட்டில் தங்கிய பெண்களில் ஒருத்தியின் வீடு அந்த ஆலயத்திலிருந்து நடக்கிற தூரத்தில்தான். மதியம் வரை யாரும் போன் எடுக்கவில்லை. ஓய்வுநாள் என்பதால் போனை அணைத்திருப்பார்கள் என்று என் கணவர் சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குச் சமாதானமாகவில்லை. கடைசியில் அவள் அம்மாதான் பேசினார். பிள்ளை பத்திரம், ஆனால் இறந்தவர்களில் அவளுக்குத் தெரிந்த தாத்தா ஒருவர்.

அந்த வாரம் உங்கள் இதழில் என்ன வந்தது என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. கொலைகாரனின் படம் பெரிதாக. இறந்தவர்களில் ஒருவர் பெயர்கூட இல்லை; 97 வயதுப் பாட்டி ஒருவர் இறந்தார் என்ற செய்தியும் இல்லை. வருத்தப்பட்டு ஒரு கடிதம் எழுதினேன். கட்டுரை விரிவாக இருந்தது என்று மரியாதைக்காக நான் எழுதிய முதல் வரியை மட்டும் போட்டு, மீதியை வெட்டிவிட்டீர்கள். இந்திய மாணவர் யாராவது சுடப்பட்டால் அட்டைப்படம், மற்றவர்கள் என்றால் மூலையில் பெட்டிச் செய்தி. இதையும் பல காலமாகப் பார்க்கிறேன்.

இங்கே பிள்ளை வளர்ப்பவர்களின் வயிற்றுக் கலக்கம் உங்கள் அலுவலகத்துக்கு எட்டவில்லையோ என்று நினைக்கிறேன். என் மகள் இரண்டாம் வகுப்பு படித்தபோது, நடந்தால் விளக்கு எரியும் ஷூ வேண்டாம் அம்மா என்றாள். துப்பாக்கிக்காரன் வந்தால் ஒளிந்துகொள்ளும் பயிற்சியில், இருட்டில் அவள் கால் மட்டும் மின்னியதாம்.

சரி, 'ஒன்றும் நடக்கவில்லை' என்பதற்கு வருகிறேன். பார்க்லாந்தில் பிப்ரவரி 14 அன்று சுட்டவனுக்கு வயது 19. ரைபிளைச் சட்டப்படி கடையில் வாங்கியிருந்தான். மாணவர்கள் மாநிலத் தலைநகருக்கே பஸ் பிடித்துப் போய்க் கேட்டார்கள். மார்ச் 9 அன்று புளோரிடாவின் அப்போதைய குடியரசுக் கட்சி ஆளுநர் ரிக் ஸ்காட் சட்டத்தில் கையெழுத்திட்டார். ரைபிள் போன்ற நீளத் துப்பாக்கிகளை வாங்கும் வயது 18-லிருந்து 21 ஆனது. அவற்றை வாங்க மூன்று நாள் காத்திருப்பு வந்தது. ஆபத்தானவர் என்று தெரிந்தால் நீதிமன்ற உத்தரவு பெற்றுத் துப்பாக்கியை எடுத்துவைக்க வழி வந்தது. பேரணிக்கு முன்பே நடந்தது இது. பார்க்லாந்தில் 14 வயது மகள் அலிஸாவைப் பறிகொடுத்த லோரி அல்ஹடெஃப், பள்ளிகளில் போலீசுக்கு நேரடியாகத் தகவல் போகும் அபாய பொத்தான் வேண்டும் என்று போராடினார். 2019-இல் நியூ ஜெர்சி அதைச் சட்டமாக்கியது. 2022 ஜூனில், 21 வயதுக்குட்பட்டவர்கள் துப்பாக்கி வாங்கும்போது கூடுதல் விசாரணை வேண்டும் என்று நாடு முழுவதற்குமான சட்டமும் வந்தது. பிள்ளைகள் கேட்டதெல்லாம் கிடைக்கவில்லை. ராணுவ பாணி ரைபிளுக்கு நாடு தழுவிய தடை இன்னும் இல்லை. அதற்காக ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுதுவது நியாயமா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'யூதப் பணம்' என்பதற்கு ஆதாரம் இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால் இணையப் பதிப்பிலிருந்து அந்த வரியை எடுத்துவிட்டு, புளோரிடா சட்டம் வந்ததை அடுத்த இதழில் இரண்டு வரி திருத்தமாகப் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் இடமில்லை என்று சுருக்குவீர்கள், தெரியும். சுருக்குங்கள். நவோமி வாட்லர் சொன்னதை மட்டும் வெட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
ராக்வில், மேரிலாந்து