மென்டர் திட்டத்தை ஏற்றிருக்கும் மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் அலுவலகத்தில் பாதியில் நின்றுபோன மென்டர் திட்டத்தை, அதாவது ஒரு சீனியரை ஒரு ஜூனியருக்கு வழிகாட்டியாக ஜோடி சேர்க்கும் திட்டத்தை, மறுபடி நடத்தும் பொறுப்பு உன்னிடம் வந்திருப்பதாகச் சொன்னாய். ரொம்ப சந்தோஷம். ஆனால் "இந்த முறை இன்னும் பெரிதாகத் தொடங்கப் போகிறோம் அம்மா" என்றாயே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. போனில் சொல்ல விட்டுப்போனதை எழுதுகிறேன்.

தொடங்குவதில் சிக்கலே கிடையாது. முதல் மாதம் எல்லா ஜோடியும் சந்தித்துவிடுவார்கள். மூன்றாம் மாதத்தைப் பார். சீனியருக்கு வேலை நெருக்கடி. "அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாமா?" என்று ஒரு மெசேஜ். "பரவாயில்லை சார்" என்று பதில். அடுத்த வாரமும் அதே கதை. அப்புறம் ஜூனியருக்கே கேட்கக் கூச்சம் வந்துவிடும். இவ்வளவு வேலையில் இருப்பவரை நாம் ஏன் தொந்தரவு செய்யவேண்டும் என்று ஒதுங்கிக்கொள்வான். சண்டையும் இல்லை, விலகலும் இல்லை. ஹெச்.ஆர். பட்டியலில் மட்டும் அந்த ஜோடி நடப்பில் இருக்கும்.

இதை அக்கறையின்மை என்று நினைத்துவிடாதே. மென்டர் செலவிடும் அந்த ஒரு மணி நேரம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை. அப்ரைசலில் அதற்கு இடமில்லை, மேனேஜர் கேட்பதுமில்லை. கேட்கப்படாத வேலைதான் முதலில் தள்ளிப்போகும். அதிலும் நன்றாகச் சொல்லிக்கொடுப்பவர் என்று பெயரெடுத்த இரண்டு மூன்று பேர் தலையிலேயே எல்லோரையும் கட்டுவார்கள். ஒரு வருடத்தில் அவர்கள் களைத்துப்போவார்கள். இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம்.

கால அளவையும் யோசி. கேத்தி கிராம் என்ற அமெரிக்க ஆய்வாளர், தானாக அமைந்த இத்தகைய உறவுகளை ஆராய்ந்து 1983-இல் எழுதினார். ஒருவரையொருவர் புரிந்துகொள்ளும் முதல் கட்டத்துக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும் என்றும், உறவு உண்மையில் பலன் தரும் அடுத்த கட்டம் 2 முதல் 5 ஆண்டுகள் வரை போகும் என்றும் கண்டார். நிறுவனத் திட்டங்களோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்குள் முடிகின்றன. பழகி முடிப்பதற்குள் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுகிறோம்! திட்டம் முடிந்த பிறகும் விரும்புகிறவர்கள் சந்திக்க நேரம் ஒதுக்கிக் கொடு.

ஜோடி சேர்ப்பதை எக்செல் தாளிடம் விடாதே. யாரிடம் கற்க விருப்பம், யாருக்குச் சொல்லிக்கொடுக்க விருப்பம் என்று இரு பக்கமும் கேள். 2006-இல் டாமி ஆலன், லிலியன் ஈபி, எலிசபெத் லென்ட்ஸ் வெளியிட்ட ஆய்வில், சேர்ப்பதில் தங்களுக்கும் பங்கிருந்ததாக உணர்ந்தவர்களுக்கு உறவு நன்றாக அமைந்தது தெரிகிறது. ஒத்துவரவில்லை என்றால் யார் மேலும் பழி விழாமல் மாற்றிக்கொள்ளவும் வழி வை. நேரடி மேனேஜரை மென்டராகப் போடவே போடாதே. மதிப்பெண் போடுகிறவரிடம் யாரும் மனம் திறந்து பேசமாட்டார்கள்.

சந்தித்தாலும் பல இடங்களில் பேச்சு நகராது. "எப்படிப் போகிறது?" "நன்றாகப் போகிறது சார்." அவ்வளவுதான். ஜூனியரை வெறுங்கையோடு போகவிடாதே. அந்த வாரம் அவன் எழுதி அனுப்பத் தயங்கிய ஒரு மெயிலையோ, திருப்பி அனுப்பப்பட்ட ரிப்போர்ட்டையோ எடுத்துப்போகச் சொல். இருவரும் ஒரே தாளைப் பார்த்து, "இந்த வரியை ஏன் இப்படி எழுதினாய்?" என்று தொடங்கினால் அரை மணி நேரம் போனதே தெரியாது.

உன்னையும் நினைத்துச் சொல்கிறேன். ஒருங்கிணைப்பவர் வேறு வேலைக்குப் போனதும் படுத்துவிடும் திட்டங்கள்தான் அதிகம். உன்னோடு இன்னொருவரை இப்போதே சேர்த்துக்கொள்.

ஆகவே பெரிதாக வேண்டாம், பத்து ஜோடி போதும். அதற்கு முன் உன் மேலதிகாரியிடம் மென்டர்களின் நேரத்தை வேலைக் கணக்கில் சேர்க்க எழுத்தில் ஒப்புதல் வாங்கு. தர மறுத்தால் தொடக்கத் தேதியைத் தள்ளிப் போடு. அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா