வில்சனுக்கு அரைப்பேர்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் ஞாயிறு இதழின் விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ் ஹொக்கியைப் பற்றி அரைப் பக்கம் வந்திருந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கிரிக்கெட்டை விட்டு நீங்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதே அபூர்வம். வாசித்து முடித்தபோது அந்தச் சந்தோஷம் பாதியாகிவிட்டது. வட அமெரிக்காவின் என்.எச்.எல். லீக்கில் அலெக்ஸ் ஒவெச்கின் 2025 ஏப்ரல் 6ஆம் திகதி தன் 895ஆவது கோலைப் போட்டு வெய்ன் கிரெட்ஸ்கியின் 894ஐத் தாண்டினார், ஆகவே எந்தக் காலத்துக்கும் அவரே பெரியவர் என்று கட்டுரையாளர் முடித்துவிட்டார். அந்தக் கோலுக்காகப் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக ஓடும் அந்த ரப்பர் வட்டை, குறுக்கே தள்ளிக் கொடுத்தவர் டொம் வில்சன். அவர் பெயர் கட்டுரையில் எங்குமே இல்லை.

தலவாக்கலையில் இருக்கிற கிழவனுக்கு ஐஸ் ஹொக்கி எதற்கு என்று கேட்பீர்கள். என் அண்ணன் மகன் கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறான். குளிர்காலத்தில் அங்கே இரவு 7 மணிக்கு ஆட்டம் தொடங்கும்போது இங்கே விடியற்காலை 5.30. தோட்டத்தில் விடியற்காலை ஆட்கள் கூடும் பெரட்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு, அந்த நேரத்துக்கு எப்படியும் முழிப்பு வந்துவிடும். போனைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டுப் பிளேன்டீயோடு உட்கார்ந்துவிடுவேன். அவன் மேப்பிள் லீஃப்ஸ் கட்சி. அந்த அணி கடைசியாக லீக்கின் ஸ்டான்லி கிண்ணத்தை வென்றது 1967இல். நான் அப்போது தோட்டப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. பாவம், பையன் விடாமல் பார்க்கிறான்.

ஆரம்பத்தில் எனக்கு எதுவுமே பிடிபடவில்லை. முக்கால் நிமிடத்துக்கு ஒருமுறை ஆட்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள், பக் எங்கே போனது என்று தேடுவதற்குள் விசில் ஊதிவிடுகிறார்கள். "சித்தப்பா, பக்கைப் பார்க்காதீங்க, பக் இல்லாத ஆளைப் பாருங்க" என்றான். அதற்கப்புறம்தான் ஆட்டம் தெரியத் தொடங்கியது.

எங்கள் ஊர்ச் சலூன்காரர் ஒவெச்கின் கட்சி. மாத்தளையில் படித்த காலத்தில் புல்தரை ஹொக்கி ஆடிய ஆசிரியர் ஒருவர் கிரெட்ஸ்கி கட்சி. முடி வெட்ட உட்கார்ந்தவன் எழுந்திரிக்க முடியாமல் இவர்கள் சண்டையைக் கேட்டுக்கொண்டிருப்பான். சலூன்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எதிரணி ஆள் ஒருவன் தப்பாட்டத்துக்காகத் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்திருக்கும்போது ஒவெச்கின் ஐஸில் வரைந்திருக்கும் இடது பக்க வட்டத்தில் போய் நிற்பார். அவர் அங்கேதான் நிற்பார் என்பது அரங்கத்தில் எல்லோருக்கும் தெரியும், கோல் காப்பாளருக்கும் தெரியும். தெரிந்தும் இருபது வருடமாக அந்த அடியைத் தடுக்க முடியவில்லை. 895ஆவதும் அந்த இடத்திலிருந்துதான் போனது. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஐயா, நான் 31 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவன். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ கொழுந்து இருந்தால் ஒரு பேர், அதாவது முழு நாள் சம்பளம், குறைந்தால் அரைப்பேர். செக்ரோல் என்கிற சம்பளப் பதிவேட்டில் அதைப் போட்ட கை இதுதான். ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்த கையும் இதுதான், அது வேறு கதை. தன் நிரையில் கொடியைப் பிடுங்கிப் போட்டு, முற்றலை உடைத்து, செடியை மட்டமாக விட்டுப் போகிற பொம்பளைக்கு அன்றைக்கு நிறுவை குறையும். அடுத்த சுற்றில் அதே நிரையில் இறங்குகிறவளுக்குக் கொழுந்து தளதளவென்று நிற்கும், பேர் அவளுக்கு விழும். தராசு கிலோவை மட்டும்தான் காட்டும். உங்கள் கட்டுரையாளரும் என்னைப் போல்தான் செக்ரோல் எழுதியிருக்கிறார்.

கிரெட்ஸ்கியையே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தவர் கோல் போடப் பக்கை எடுத்துக் கொடுத்த கணக்கு அவருக்கு 1963. கோலையும் கொடுத்ததையும் சேர்த்துக் கூட்டும் மொத்தப் புள்ளிப் பட்டியலில் அவருக்கு அடுத்து நிற்கும் யாரொமிர் யாகருக்கு இருப்பது 1921. அதாவது அந்த 894 கோலையும் ஒன்று விடாமல் அழித்துவிட்டாலும் கிரெட்ஸ்கிதான் முதல். எதிரணியின் கோல் வலைக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார். காப்பாளர் அவரைப் பார்க்கத் திரும்பினால் முன்னால் வருகிறவனை விட வேண்டும், முன்னால் பார்த்தால் முதுகுக்குப் பின்னால் இவர். அங்கிருந்தே கொடுத்துக்கொண்டிருப்பார். பெரிய உடம்பும் இல்லை, மின்னல் ஓட்டமும் இல்லை.

எனக்குப் பிடித்த ஆள் இவர்கள் இருவருமே இல்லை. டெட்ராய்ட் அணிக்காக 1991 முதல் 2012 வரை பின்வரிசையில் ஆடிய சுவீடன்காரர் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரம். அவர் ஆடிய காலத்தில் நான் பார்க்கவில்லை, பையன் அனுப்பிய பழைய வீடியோக்களில்தான் பார்த்தேன். ஆளை மோதித் தள்ளுவது அவர் பாணி இல்லை. வருகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்று முன்பே தெரிந்ததுபோல் மட்டையை அந்த இடத்தில் வைத்திருப்பார். வந்தவன் சுவரோரமாக ஒதுங்குவதைத் தவிர வழி இருக்காது. கூட்டம் கத்துவதற்கு அதில் ஒன்றுமே நடக்கவில்லை. இருபது பருவத்தில் அவர் போட்ட கோல் 264. உங்கள் கணக்கில் அரைப்பேருக்கும் காணாது. ஆனால் அந்த லீக்கில் சிறந்த பின்வரிசை வீரருக்குக் கொடுக்கும் நோரிஸ் கிண்ணத்தை 7 முறை வாங்கியிருக்கிறார்.

எண்ணிக்கையை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆள் எப்படி ஆடுகிறான் என்று இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள், கொடுத்தவன் பெயரையும் போடுங்கள். அடுத்த முறை ஐஸ் ஹொக்கிக்கு இடம் கிடைத்தால் லிட்ஸ்ட்ரத்துக்குக் கால் பக்கம் ஒதுக்கினால் புண்ணியமாகப் போகும்.

இந்தக் கடிதத்தைச் சலூன்காரருக்கு நான் காட்டவில்லை. நீங்கள் போட்டால் அவரே பார்த்துக்கொள்வார். உங்கள் பத்திரிகையை அவர் கடையில்தான் நானும் ஓசியில் வாசிக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கப்பிள்ளை ஒருவர்,
தலவாக்கலை.