நந்தவனத்திலிருந்து ஒரு கடிதம்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து தெருமுனை வரை நடக்கிறாய் என்றதும் எங்கள் எல்லோருக்கும் நிம்மதி. பேத்திக்கு வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம், என் ஆசியைச் சொல்.

காலையில் மண்வெட்டியோடு எங்கே போகிறாய் என்று கேட்டிருந்தாய். நம் ஊர் சிவன் கோயில் நந்தவனத்துக்குத்தான். கார்த்திகை முடியப் போகிறது, மல்லிகைக்குக் கவாத்து செய்யும் சமயம். தண்ணீரை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து முழங்கால் உயரம் விட்டு வெட்ட வேண்டும். பச்சைக் கிளையை வெட்டக் கை வராது. ஆனால் மல்லிகை புதுத் துளிரில்தான் பூக்கும்.

சாமிக்குப் பறிக்கும் பூவை முகரக் கூடாது என்று பாட்டி கண்டிப்பாகச் சொல்வாள், ஞாபகம் இருக்கிறதா? அதன் அருமை இப்போதுதான் தெரிகிறது. எரு போட்டு, மொட்டுப்புழுவைக் கையால் பொறுக்கி வளர்த்தவனுக்கே முதல் வாசனை கிடையாது. 'நான் வளர்த்தது' என்ற நினைப்பைத் தலைதூக்கும் முன்பே கிள்ளிவிடும் வழக்கம் அது. பவளமல்லியில் பறிக்கும் வேலைகூட இல்லை. உதிர்ந்த பூ பூஜைக்கு ஆகாது என்பார்கள், இதற்கு மட்டும் விலக்கு. இரவில் மலர்ந்து விடிவதற்குள் தானே உதிர்ந்துவிடும். அடியில் துணி விரித்து ஏந்திக்கொண்டால் போதும்.

நேற்றைய நிர்மாலியத்தை, அதாவது சாமிக்குச் சாத்திக் களைந்த பூமாலைகளை, குருக்கள் கூடையில் தருவார். நைலான் நூலை உருவி எடுத்துவிட்டு, கால் படாத மூலையில் குழி வெட்டி மக்க வைக்கிறோம். அப்புறம் அதுவே செடிக்கு உரம். இதில் நான் கொடுத்தது என்று உழைப்பு ஒன்றுதான் மிச்சம். அதற்கான தெம்பும் அவன் கொடுத்ததுதானே!

திருப்புகலூர் முருக நாயனாரை அடிக்கடி நினைக்கிறேன். விடியுமுன் நீராடி, கோட்டுப்பூ (மரக்கிளையில் பூப்பது), கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்று பறித்து மாலை கட்டிச் சாத்தியதுதான் அவர் தொண்டு. மற்ற நாயன்மார் சிலருக்கு வந்தது போன்ற கடும் சோதனை எதுவும் அவருக்கு வரவில்லை. அன்றாட வேலையை அன்போடு செய்தவருக்கும் அறுபத்து மூவரில் இடம் உண்டு என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

உன் மாடியில் நல்ல வெயில் என்றாயே, நந்தியாவட்டைக் குச்சி ஊன்றியிருக்கிறேன். வேர் பிடித்ததும் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். தொட்டியில் தண்ணீர் தேங்காமல் பார்த்துக்கொள். தை பிறந்ததும் நாலு நாள் இங்கே வந்து இரு. படி ஏறும் வேலை இல்லாத அறையாக ஒழித்து வைக்கிறேன்.

அன்புடன்,
உன் பழைய தோழன்