சாவி யார் கையில்?

அன்புள்ள மாப்ளே,

எட்டு மாதமாக ஒரு வரிகூட எழுதவில்லை. தப்புதான். திட்டுவதையெல்லாம் நேரில் வரும்போது வைத்துக்கொள். அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று ஸ்பேனர் சொன்னான். நடக்க ஆரம்பித்துவிட்டார்களா? இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் வேலைக்குப் போகிறாள், சின்னவன் வழக்கம்போல. விஷயத்துக்கு வருகிறேன். ஒரு வாரமாக மனசு ஆறவில்லை, உன்னிடம் கொட்டினால்தான் ஆறும்.

எங்கள் கல்லூரியில் ‘புத்தாக்க மையம்’ திறந்த படம் அனுப்பினேனே, நீகூட “ஏர்போர்ட் மாதிரி இருக்குடா” என்றாயே, அதேதான். கண்ணாடிச் சுவர், ஏசி, உருளும் நாற்காலிகள், இரண்டு 3டி பிரிண்டர். போன செவ்வாய்க்கிழமை உள்ளே போய் வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். 6 மாதத்தில் 31 பெயர். அதில் 19 பேர் சுற்றிப் பார்க்க வந்த விருந்தினர்கள். ஒரு பிரிண்டர் மேல் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்காமலே இருக்கிறது. ஒரு மாணவன் உள்ளே வரத் துறைத்தலைவர் கையெழுத்து வேண்டும். சாவி ஆபீசில். ஆபீசை 5 மணிக்குப் பூட்டிவிடுவார்கள். வகுப்பு முடிவதே நாலேமுக்காலுக்கு.

அன்று ராத்திரி விடைத்தாள் கட்டை எடுக்கத் திரும்பிப் போனேன். மாடிப்படி திரும்பும் இடத்தில் ஐந்து பேர் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே ஒரு பிளக் பாயிண்ட் இருக்கிறது, வேறு காரணம் இல்லை. அட்டைப் பெட்டியில் ஆறு ஓட்டை போட்டு, ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சோலினாய்டு, அதாவது கரண்ட் ஓடினால் முள்ளை மேலே தூக்கும் கம்பிச் சுருள். பிரெயில் எழுத்துக்கு ஆறு புள்ளி அல்லவா, எந்தப் புள்ளி வேண்டுமோ அந்த முள் மேலே எழும்ப வேண்டும். கூடப் படிக்கும் பார்வையற்ற பையன் பக்கத்திலேயே இருந்து விரலால் தடவித் தடவி, “மூணாவது எழும்பவே இல்லடா” என்கிறான். முள்ளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்க கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். அதில் அந்தச் சுருள் கொதிக்கிறது. நானும் குனிந்து பார்த்தேன், எனக்கும் வழி தோன்றவில்லை.

போனுக்கு சார்ஜ் போட வந்து உட்கார்ந்திருந்த வணிகவியல் பெண் ஒருத்தி, கையிலிருந்த பால்பாயிண்ட் பேனாவை டக் டக்கென்று அழுத்திக் காட்டினாள். “இது ஒரு தடவை அழுத்தினா அப்படியே நிக்குதே, உங்க முள்ளும் அப்படி நின்னுட்டா கரண்ட் எதுக்கு?” மாப்ளே, எனக்குப் புல்லரித்துவிட்டது. அந்தப் பெண்ணுக்கு நம் கண்ணாடி அறைக்குள் நுழைய அனுமதியே கிடையாது. பொறியியல் துறைகளுக்கு மட்டும் என்று விதி.

பத்து நிமிஷத்தில் காவலர் வந்து எழுப்பிவிட்டார். அவர் வேலை அது. பாதியில் நின்றதை அப்படியே பையில் திணித்தார்கள், ஒயர்கள் பிடுங்கிக்கொண்டன. மறுநாள் முதலிலிருந்து சால்டர் வைக்க வேண்டும். பாதி முடிந்த பொருளை விட்டுவிட்டுப் போக ஒரு மேஜை இல்லை, அதுதான் என்னை அறுக்கிறது. மீசை சாரை நினைத்துக்கொண்டேன். ஸ்டோர் ரூம் சாவியை ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டுப் போவாரே! அந்த ரேடியோவை மூன்று மாதம் பிரித்துப் போட்டு வைத்திருந்தோம், ஒரு திருகைக்கூட யாரும் தொடவில்லை. நீ மேஜைக்கடியில் தூங்கத்தான் வந்தாய் என்பது வேறு கதை.

அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ‘கட்டடம் 20’ என்று ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் ரேடார் ஆராய்ச்சிக்காக 1943-ல் அவசரமாக மரத்தில் கட்டினார்கள். போர் முடிந்ததும் இடிப்பதாகத் திட்டம். 1998 வரை நின்றது. சாம்ஸ்கியின் மொழியியலும், ரயில் மாடல் செய்யும் மாணவர் சங்கமும், அணுக்கடிகார ஆராய்ச்சியும் ஒரே கூரைக்கடியில். கடிகாரத்துக்கு உயரம் போதவில்லை என்று மேல்தளத்தையே உடைத்து வழி செய்தார்கள். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அது யாருக்கும் விலைமதிப்பான கட்டடம் இல்லை. இங்கே சுவரில் ஒரு ஆணி அடிக்க மூன்று கையெழுத்து. புதுச் சுவரில் கீறல் விழுந்துவிடுமே என்று பயப்படுகிற பிள்ளை அங்கே என்னத்தைச் செய்வான்?

இடம் தேர்ந்ததும் தப்பு. தாமஸ் ஆலன் என்ற எம்.ஐ.டி. பேராசிரியர் ஆய்வுக்கூடங்களில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்று கணக்கெடுத்தார். மேஜைகளுக்கு நடுவே தூரம் கூடக்கூடப் பேச்சு சரசரவென்று குறைகிறது, 50 மீட்டர் தாண்டினால் அநேகமாக அற்றுப்போகிறது. எங்கள் மையம் விருந்தினர் கண்ணில் பட வேண்டும் என்று முன்வாசலில். பிள்ளைகள் நடமாட்டமெல்லாம் நூலகத்துக்கும் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில்.

“மெஷினை எல்லாம் திறந்துபோட்டா கைகால் போகும்” என்று குழுவில் ஒருவர் சொன்னார். அதை நான் தள்ளவில்லை. ஸ்பேனரின் விரல் தையலை நானும் நீயும்தானே கூட இருந்து பார்த்தோம். அறையைத் திறந்துவிடு, ஆபத்தான மெஷினை மட்டும் பூட்டு என்கிறேன். டிரில்லிங் மெஷினுக்குத் தனி சுவிட்ச் சாவி. பயிற்சி முடித்த சீனியர் பிள்ளைகள் கையில் அது இருக்கட்டும். ஐஐடி மெட்ராஸில் 2008-ல் தொடங்கிய புத்தாக்க மையத்தை மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். அவர்களால் முடிந்தது நம் பிள்ளைகளால் முடியாதா?

ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஒரு பழைய கொட்டகை, 40க்கு 22 அடி. இடித்துவிட்டு வண்டி நிறுத்தும் இடம் ஆக்கப் போகிறார்கள். 14-ஆம் தேதி கூட்டம். அதற்குள் நீ ஒரு வரைபடம் போட்டுக் கொடு. மரத்தூள் பறக்கும் வேலையை ஒரு ஓரமாகத் தடுக்க வேண்டும், சால்டர் புகை வெளியேற வழி வேண்டும், பிளக் பாயிண்ட் மேலேயிருந்து தொங்க வேண்டும், ஒரு சுவர் முழுக்கப் பெயர் எழுதிய அலமாரித் தட்டுகள். எந்தத் துறைப் பிள்ளையும் வரலாம். நீ ஆர்க்கிடெக்ட், நீ சொன்னால் கேட்பார்கள்; நான் சொன்னால் “சார் உணர்ச்சிவசப்படுறார்” என்பார்கள்.

அளவும் படங்களும் நாளைக்கு அனுப்புகிறேன். வடக்குச் சுவரில் ஒரு விரிசல் இருக்கிறது, அதை மட்டும் நல்லா பார். பிரெயில் பெட்டி இப்போது என் அறை பீரோவுக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. நாலு முள் எழும்புகிறது. மீசை சார் போன் நம்பர் உன்னிடம் இருந்தால் மறக்காமல் அனுப்பு.

அன்புடன்,
உன் ரூம்மேட்