வயிற்றுக்குள் போகும் தண்ணீர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

வீடியோ காலில் நீ கேட்டதற்குப் பதில் சொல்வதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். "வயித்துல ரெண்டு லிட்டர் விட்டா குடலுக்குள்ள போயிடாதாப்பா?" என்றாய். என் சிறுநீரகங்கள் செய்ய வேண்டிய வேலையை இப்போது இந்த டயாலிசிஸ் தண்ணீர்தானே செய்கிறது; பையிலிருந்து ஒரு குழாய் வழியாக அதை வயிற்றுக்குள் விடுகிறேன். அது குடலுக்குள் போகாது.

வயிற்றுச் சுவரின் உட்புறம் முழுக்க ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது, பெரிட்டோனியம் என்று பெயர். அதே சவ்வுதான் திரும்பி வந்து இரைப்பை, குடல், கல்லீரல் மேலும் படர்கிறது. காற்றில்லாத பலூனை வெளியிலிருந்து கையால் அமுக்கினால், கையைச் சுற்றி ஒன்றும் அதற்கு வெளியே ஒன்றுமாக இரண்டு படலம் வருமல்லவா? கை இருக்குமிடத்தில் குடல். இரண்டுக்கும் நடுவே இயல்பாகவே கொஞ்சம் நீர் உண்டு, உரசாமல் வழுக்குவதற்கு. என் பைத் தண்ணீர் போவது அந்த இடைவெளிக்குத்தான்.

அந்தச் சவ்வை விரித்தால் உடம்புத் தோலின் பரப்பு கிட்டத்தட்ட வருமாம். அதில் ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்களிலிருந்து யூரியா, கிரியாட்டினின் என்ற கழிவுகள் தண்ணீருக்குள் கசியும்; அதிலுள்ள குளுக்கோஸ் மிகுதி நீரை இழுக்கும். நாலைந்து மணி நேரத்தில் வடித்துவிட்டுப் புதுப் பை. ஒரு நாளைக்கு நாலு தடவை. புரதமும் கூடவே போய்விடுவதால் தினமும் முட்டை வெள்ளைக்கரு. அம்மா மிளகுத்தூள் போட்டே ஒப்பேற்றுகிறாள்.

குழாயின் நுனி இடுப்புக்குழியில், சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் நடுவே கிடக்கிறது. நிற்கும்போது அதுதான் பள்ளம். இரைப்பையிலிருந்து குடலுக்கு முன்னால் ஒமென்டம் என்று ஒரு கொழுப்பு மடிப்பு தொங்குகிறது. எங்கே அழற்சியோ அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். 'வயிற்றுப் போலீஸ்காரர்' என்று சர்ஜன்கள் அதைச் சொல்வதுண்டு. போலீஸ்காரர் என் குழாயைச் சுற்றிக்கொண்டால் வடிவது நின்றுவிடும். போன மாதம் மெதுவாக வடிந்தபோது அதுதான் என்று பயந்தேன். கடைசியில் வெறும் மலச்சிக்கல்! மருந்து குடித்ததும் சரியாகிவிட்டது. அம்மா இதை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள்.

கிருமி புகுந்தால்தான் ஆபத்து. அதனால் பை மாற்றும்போது கைகளைச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, மாஸ்க் போட்டு, ஃபேனை நிறுத்தி, கதவையும் சாத்திவிடுவேன். வேர்த்துக் கொட்டும். வடித்த பையைப் பேப்பர் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்ப்பேன். கலங்கியிருந்தால், வலி இல்லாவிட்டாலும், பையோடு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். இதுவரை தலைப்பு மட்டுமல்ல, வரி விளம்பரம்கூடப் படிக்க முடிகிறது.

அப்புறம், மருந்துப் பெட்டிகளை உன் ரூமில்தான் அடுக்கியிருக்கிறேன். பொங்கலுக்கு வரும்போது சத்தம் போடாதே, கட்டிலைக் காலியாகத்தான் விட்டிருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா